போகிப் புகைக்குப் போக வழியில்லை

வடசென்னைவாழ் அன்பர்களுக்கு,

கொடுங்கையூர், வியாசர்பாடி, எம்.கே.பி. நகர்ப் பக்கம் குடியிருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, பொங்கலுக்கு முன்பாக உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். இந்தப் போகிக்கு டயர், பிளாஸ்டிக், ரெக்சின், பழைய மெத்தை எதையும் தெருவில் கொளுத்த வேண்டாம்.

வருஷா வருஷம் கேட்கிற பேச்சுதானே என்று தாளை மடித்துவிடாதீர்கள். மற்ற நாளில் எரிப்பதைவிடப் போகி விடியலில் எரிப்பது ஏன் கூடுதல் கேடு என்று யாரும் நமக்கு விளக்கிச் சொன்னதில்லை. நம் ஊர் இருக்கும் இடமும் அப்போதைய பருவமும்தான் காரணம்.

கடல் இருக்கிறது, டெல்லி மாதிரி ஆகாது என்று பலர் தைரியமாக இருக்கிறோம். அது பாதி உண்மை. சித்திரை, வைகாசியில் தரை கொதிக்கும், சூடான காற்று மேலே எழும், நண்பகல் வாக்கில் கடல்காற்றும் உள்ளே வந்துவிடும். அப்போது எழுகிற புகை உயரப் போய்க் கலைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை காற்றைக் கழுவிவிடும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அந்தப் பருவத்தில்தான் பெய்கிறது.

மார்கழிக் கடைசியில் இந்த இரண்டு உதவியும் கிடையாது. மழை விட்டு வானம் தெளிந்திருக்கும். மேகம் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிரும், தரையை ஒட்டிய காற்றும் குளிரும். அதற்கு மேலே இருக்கும் காற்றோ வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் மேலே எழாது. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி, புகை நம் மூக்கு மட்டத்திலேயே தங்கிவிடும். கடல்காற்று அந்நேரத்தில் வீசாது. மூடுபனியும் சேர்ந்தால் எதிர்வீடு தெரியாது. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் இந்த மூடி விலகும். நாம் கொளுத்துவதோ விடிவதற்கு முன், நாலரை ஐந்து மணிக்கு. புகை போட இதைவிட மோசமான நேரம் வருஷத்தில் தேடினாலும் கிடைக்காது.

2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. செய்தியில் விமானம்தான் வந்தது. வாசல் தெளித்துக் குனிந்து கோலம் போடுகிறவர்களும், விடியலில் தெரு பெருக்க வரும் தூய்மைப் பணியாளர்களும் அதே புகையைத்தான் சுவாசித்தார்கள்.

"ஆலைக்காரனைக் கேட்காம எங்களக் கேக்க வந்துட்டீங்களா?" என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆலைகள் இருக்கும் எண்ணூரும் மணலியும் நமக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் இருக்கின்றன. கோடையில் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் காற்று அந்தப் புகையை அப்பால் தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் அது நம் தெருக்கள் பக்கம் திரும்புகிறது. ஆலைகளைக் கேட்பதை நாங்கள் விடவில்லை, விடவும் மாட்டோம். ஆனால் தலைமேல் அந்தப் புகை இருக்கிற பருவத்திலேயே நம் கையாலும் புகை போட்டால், இரண்டையும் சேர்த்து இழுப்பது நம் வீட்டுக் குழந்தைகள்தான். நுரையீரலின் ஆழம்வரை போகும் 2.5 மைக்ரான் துகள், ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 15 போதும் என்கிறது.

பழக்கத்தை விடச் சொல்கிறோம் என்று வருத்தப்படவும் வேண்டாம். அந்தக் காலத்தில் எரிந்தது கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த முறம். எல்லாம் புல்லும் மூங்கிலும். இன்று பாயே பிளாஸ்டிக். டயர் எரிந்த இடத்தில் கம்பி வளையம் மட்டும் கிடக்கும், பக்கத்துக் கோலத்தின் மேல் கரி படிந்திருக்கும். இதற்கும் சாஸ்திரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் மேளம் கொட்டட்டும், அதற்கு யார் தடை சொன்னது? சம்பிரதாயத்துக்கு நெருப்பு வேண்டுமென்றால், வெயில் ஏறிய பிறகு ஒரு கைப்பிடி ஓலையோடு முடித்துக்கொள்ளலாம்.

பஞ்சர் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: போகிக்கு முந்தின வாரம் பையன்கள் வந்து கேட்டால் பழைய டயரைக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் வயதானவர்களும் அன்று விடியற்காலை நடைப்பயிற்சியைத் தள்ளிப்போட்டு, ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

சில ஆண்டுகளாக மாநகராட்சியே போகிக்கு முன் பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கைத் தனியாக வாங்கிக்கொள்கிறது. கழிக்க வேண்டியதை முந்தின நாளே மூட்டை கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். வண்டி வராவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் பேசுங்கள்.

இப்படிக்கு,
கொடுங்கையூர், வியாசர்பாடி வட்டாரக் குடியிருப்போர்