பதின்மூன்று பேர் கூடிப்போச்சா?

"உந்தச் சின்னத் தீவுக்கு 13 மெம்பர் எதுக்கடாப்பா?"

கலைப்பீட கன்ரீனில் இப்படித் தொடங்கின கதை, மூன்று பிளேன்ரீ முடிந்தும் முடியவில்லை. கேட்டவர் எங்கட நண்பர், வலிகாமத்துப் பெடியன். மேசையைச் சுற்றி இருந்த மற்ற எல்லாரும் தீவாட்கள்: நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, அனலைதீவு. அண்டைக்கு நாங்கள் சத்தம் போட்டோமே தவிர, ஒழுங்கான பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அவருடைய பக்கத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். 2011 இல் நெடுந்தீவுப் பிரதேச சபைக்கு 9 உறுப்பினர்கள். 2018 இல் கலப்புத் தேர்தல் முறை வந்தபோது அது 13 ஆனது. எட்டுப் பேர் வட்டாரத்தில், ஐந்து பேர் பட்டியலில். தீவில் இருப்பது ஏறக்குறைய நாலாயிரம் சனம். நாடு முழுவதும் இதே கதைதான். சுமார் 4,500 ஆக இருந்த உள்ளூராட்சி உறுப்பினர் தொகை ஒரே தேர்தலில் 8,000 ஐத் தாண்டியது. பிறகு பொருளாதாரம் விழுந்தது, "இவ்வளவு பேருக்கும் ஆர் படி அளக்கிறது?" எண்ட கேள்வி எழுந்தது. மஹிந்த தேசப்பிரிய தலைமையிலான எல்லை நிர்ணயக் குழு இந்தத் தொகையை 5,000 க்குக் கீழே கொண்டுவரலாம் என்று 2023 இல் அறிக்கை கொடுத்தது. முகப்புத்தகத்தில் கைதட்டு. எங்கட நண்பரும் கைதட்டியவர்களில் ஒருவர்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு 2011 இல் தொடங்குகிறது. தீவுகளின் கணக்கு அதற்கு எவ்வளவோ முன்னமே தொடங்கிவிட்டது.

1947 முதல் 1977 வரை நடந்த பொதுத் தேர்தல்களில் ஊர்காவற்றுறை என்று ஒரு தனித் தொகுதி இருந்தது. வி. நவரத்தினமும் கா. பொ. இரத்தினமும் பாராளுமன்றத்தில் தீவுகளின் பேரைச் சொல்லி எழுந்து நிற்க முடிந்தது அதனால்தான். விகிதாசார முறை வந்து 1989 இல் தேர்தல் நடந்தபோது அந்தக் கதிரை போனது. தீவுப்பகுதி யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்ற பெரிய பட்டியலுக்குள் கரைந்தது.

கீழ்மட்டத்திலும் அதுதான் நடந்தது. புங்குடுதீவுக்கு என்று ஒரு கிராமசபை இருந்ததை எங்கள் அம்மம்மாமார் இன்றைக்கும் சொல்லுவார்கள். 1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைச் சட்டத்தோடு நாடெங்கும் கிராமசபைகள் கலைந்தன. பிரதேச சபைச் சட்டம் 1987 இல் வந்தாலும், யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்தில் தேர்தல் நடக்க 1998 ஆனது. இன்று புங்குடுதீவும் நயினாதீவும் மண்டைதீவும் வேலணைப் பிரதேச சபைக்குள். அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறைப் பிரதேச சபைக்குள்.

ஆகவே 9 பேர் 13 ஆனதைப் "பெருக்கம்" என்று எழுதும்போது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. நாற்பது வருசமாக எங்களிடமிருந்து எடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இனி ஆட்கணக்குக்கு வருவோம். சனத்தொகையை வைத்துக் கதிரையை வெட்டுவது சமத்துவம் மாதிரித் தெரியும். ஆனால் தீவுகளில் சனம் ஏன் குறைந்தது? புங்குடுதீவில் வாணர் தாம்போதி தாண்டி உள்ளே போனால் கூரை இல்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கும். அந்த வீட்டுக்காரர் பிள்ளை பெறாமல் குறைந்துபோன சனம் இல்லை. 1990 களில் இடம்பெயர்ந்து, கொழும்புக்கும் கனடாவுக்கும் பாரிசுக்கும் போன சனம். முதலில் யுத்தம் ஆட்களைக் கலைத்தது. பிறகு, ஆட்கள் இல்லை என்று சொல்லிக் கதிரையைக் கலைக்கிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆக இருந்த பாராளுமன்ற ஆசனங்கள் 7 ஆகி, 2024 இல் 6 ஆனதும் இதே கணக்கில்தான். அதைப் பற்றிக் கொதிக்கிற யாழ்ப்பாணத்து நண்பர்கள், அதே கத்தி நெடுந்தீவுக்கு வரும்போது கைதட்டுவது எங்களுக்கு விளங்கவில்லை.

இன்னொன்று, கடல். தரையில் இரண்டு வட்டாரத்தைச் சேர்த்தால் உறுப்பினர் மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிசம் கூட ஓடவேண்டும். எழுவைதீவை ஊர்காவற்றுறையில் ஒரு வட்டாரத்தோடு ஒட்டினால் என்ன நடக்கும்? வாக்கு எங்கே கூடவோ அங்கேதான் உறுப்பினர் இருப்பார். எழுவைதீவுச் சனம் குழாய் உடைந்ததைச் சொல்லக்கூட வள்ளம் ஏறவேண்டும். நயினாதீவிலிருந்து வேலணைக்குப் போகிற ஆளுக்கு முதலில் படகு, பிறகு குறிகட்டுவானில் பஸ், பிறகு புங்குடுதீவு முழுக்கத் தாண்டி வாணர் தாம்போதி. ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள். சோளகம் எழும்பினால் அந்த நாளும் இல்லை. ஆளைக் கணக்கெடுக்கிறவர்கள் இந்த நேரத்தையும் கணக்கெடுக்க வேண்டும்.

இது நாங்கள் கண்டுபிடித்த நியாயம் இல்லை. இலட்சத்தீவில் வாக்காளர் அறுபதாயிரம் பேர்கூட இல்லை. ஆனாலும் இந்திய மக்களவையில் அதற்குத் தனித் தொகுதி. பிரித்தானியாவில் ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய எழுபதாயிரம் வாக்காளராவது வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குச் சுமார் 21,000 வாக்காளரோடு ஒரு எம்.பி. உண்டு. அந்தத் தொகுதியைத் தொடக்கூடாது என்று அதே சட்டமே சொல்கிறது. 2018 இல் தீவுகளுக்கென்றே ஒரு சட்டத்தையும் ஸ்கொட்லாந்து இயற்றியது. அதற்குப் பிறகு அரன் என்ற தீவு உள்ளூராட்சியில் தனி வட்டாரமானது. அங்கேயும் காசுக்கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கடலையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

"சரி, காசு?" என்று நண்பர் கேட்டார். அதற்கும் எங்களிடம் ஒரு பரிசோதனை இருக்கிறது, நாங்கள் செய்யாமலே நடந்தது. 2023 மார்ச் 19 அன்று சபைகளின் காலம் முடிந்தது. காசு இல்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொல்லியும், 2025 மே 6 வரை வாக்குப்பெட்டி வரவில்லை. இரண்டு வருசத்துக்கு மேல் நெடுந்தீவில் உறுப்பினர் தொகை 13 உம் இல்லை, 9 உம் இல்லை. பூச்சியம். செயலாளர்கள் சபை நடத்தினார்கள். அந்த மிச்சக்காசில் எந்த இறங்குதுறைக்குக் கல் வந்தது? எந்தக் கிணற்றில் உப்புக் குறைந்தது? மெம்பர் இல்லாத சபைதான் மலிவு என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இப்போது எங்கட பக்கத்துப் பிழைக்கு வருகிறோம். 13 பேர் வந்தும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை என்று அனலைதீவுத் தோழி சொன்னார். உண்மைதான். ஏனென்றால் கதிரையைக் கூட்டினார்கள், அதிகாரத்தைக் கூட்டவில்லை. பிரதேச சபையின் கையில் இருப்பது உள்ளூர் வீதி, தெருவிளக்கு, சந்தை, நூலகம், மயானம், குப்பை. தீவுச் சனத்தின் உயிர் இருப்பது படகில். குமுதினி வீதி அபிவிருத்தி அதிகார சபையின் படகு. மின்சாரமும் பிரதேச சபையின் கையில் இல்லை. 2021 இல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான காற்றாலை, சூரிய மின் திட்டத்தைச் சீனக் கொம்பனிக்குக் கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. இந்தியா மறித்தது. 2022 மார்ச்சில் திட்டம் இந்திய உதவிக்கு மாறியது. கொழும்பு, பீஜிங், டெல்லி எல்லாம் எங்கட தீவைப் பற்றிக் கதைத்தன. தீவுச் சபைகளின் வாக்கு அதில் ஒரு இடத்திலும் தேவைப்படவில்லை. 13 பேர் இல்லை, 130 பேரைப் போட்டாலும் இந்த நிலையில் தெருவிளக்கைப் பற்றித்தான் சண்டை பிடிக்கலாம்.

அடுத்த பிழை பட்டியல். சனம் வட்டாரத்துக்கு வாக்குப் போடுகிறது. பட்டியலில் ஆர் உள்ளே வருவது என்பதைத் தேர்தல் முடிந்த பிறகு கட்சி தீர்மானிக்கிறது. தோற்ற ஆளும் பின்கதவால் வரலாம். கதிரை கூடினபோது தீவுக்குக் கிடைத்தது கொஞ்சம், கட்சிக்குக் கிடைத்தது கூட.

அப்ப பட்டியலைத் தூக்குவோம் என்றுதான் நாங்களும் முதலில் எழுதினோம். எங்களில் பெண்கள் மறித்தார்கள். 25 சதவீத ஒதுக்கீடு வருவதற்கு முன்னம் நாடு முழுவதும் உள்ளூராட்சியில் பெண்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. 2018 இல் அது இருபதைத் தாண்டியது, பெரும்பாலும் பட்டியல் வழியாக. வட்டார வேட்புமனுவில் பெண்களுக்குப் பத்துச் சதவீதம்தான் கட்டாயம், மேலதிகப் பட்டியலில் அரைவாசி. பட்டியலை வெட்டினால் முதலில் வெளியே போவது அவர்கள். "நீங்கள் சீர்திருத்தம் எண்டு சொல்லி எங்களை வள்ளத்தால் இறக்கப் பாக்கிறியள்" என்று ஒருத்தி சொன்னதும் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அவர் சொன்னது சரி.

ஆகவே எங்கட கோரிக்கை இது. கடலால் பிரிந்து சனம் வாழ்கிற ஒவ்வொரு தீவுக்கும், ஆட்கணக்கு எதுவாக இருந்தாலும், ஒரு வட்டாரமாவது சட்டத்தில் உறுதியாக இருக்கவேண்டும். பட்டியல் இருக்கட்டும். ஆனால் ஆர், எந்த ஒழுங்கில் வருவார் என்பதை வாக்களிக்க முன்னம் சொல்லவேண்டும், பின்னால் மாற்றக்கூடாது. படகு நேரம், இறங்குதுறை, குடிநீர் பற்றிய எந்த முடிவுக்கும் அந்தத் தீவின் சபையிடம் கேட்பது கட்டாயமாக வேண்டும். வேலணைச் சபையும் ஊர்காவற்றுறைச் சபையும் வருசத்தில் ஓரிரு கூட்டமாவது நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் வைக்கட்டும். உறுப்பினர்களும் ஒருக்கா வள்ளம் ஏறிப் பார்க்கட்டும்.

இதெல்லாம் கிடைத்த பிறகும் 13 கூடத்தான் என்று தெரிந்தால், குறைப்பதைப் பற்றி முதலில் கதைக்கப்போவது நாங்கள்தான். அதுவரைக்கும் எங்கட கதிரையில் கை வைக்க வேண்டாம்.

நண்பர் இதை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும். ஒரு நிபந்தனை: இந்தமுறை கன்ரீன் வேண்டாம். நெடுந்தீவில் கதைப்போம். காலமைப் படகுக்குக் குறிகட்டுவானுக்கு வெள்ளென வரவேண்டும். திரும்பிப் போகப் படகு இருக்குமோ எண்டு மட்டும் எங்களைக் கேட்கக்கூடாது.