தேய்ந்தது சக்கரமா, பொறுப்பா?

"ஸ்கேட்டிங் சக்கரம் தேய்ந்துவிட்டது. புதிது வாங்கிக் கொடுங்கள்!" என்கிறான் மகன். அப்பா சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்.

அவசரம் வேண்டாம். ஒரே வரிசையில் 4 சக்கரம் உள்ள ஸ்கேட்டில், காலைப் பக்கவாட்டில் உந்துவதால் உட்புறம்தான் முதலில் தேயும். வெளிப்புறம் நன்றாகவே இருக்கும்!

முதல் சக்கரத்தையும் மூன்றாவதையும் இடம் மாற்ற வேண்டும். இரண்டாவதையும் நான்காவதையும் அப்படியே. தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, திருகாணியை இறுக்க வேண்டும். ஈரத்திலும் மணலிலும் ஓட்டக் கூடாது; பேரிங் கெட்டுவிடும்.

சக்கரம் மிகவும் சிறுத்துவிட்டால் புதிது வாங்கத்தான் வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தால், பிள்ளை விழுந்து அடிபடும்.

ஆனால், சக்கரம் மாற்றும் வேலையை அப்பா செய்யக் கூடாது. மகனே செய்யட்டும். தன் பொருளைப் பேணக் கற்றவன், வாங்கிக் கொடுத்தவரின் உழைப்பையும் மதிப்பான்!