அமைவிடத்தின் அனுகூலம் யாருடைய சொத்து?

தொழிற்பூங்காக்களுக்கு வெளிநாட்டு நிறுவனங்களை வரவழைக்க மாநில அரசுகள் வெளியிடும் விளம்பர ஏடுகள் ஒரே பாடத்தை ஒப்பிக்கின்றன. துறைமுகம் இத்தனை கிலோமீட்டர், விமான நிலையம் இத்தனை கிலோமீட்டர், தேசிய நெடுஞ்சாலையோ வாசலிலேயே. இதற்கு ‘அமைவிட அனுகூலம்’ என்று பெயர். இந்த அனுகூலத்துக்கு ராஜஸ்தான் அரசு தவறாமல் காட்டும் சான்று நீம்ரானா.

தில்லியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் அது. வாகன ஆலைகள் நிறைந்த குருகிராமும் மானேசரும் அதே சாலையில்தான் உள்ளன. மாநில அரசின் ரீக்கோ நிறுவனம் 2006இல் ஜப்பானின் வெளிநாட்டு வர்த்தக அமைப்பான ஜெட்ரோவுடன் ஒப்பந்தம் செய்து, ஜப்பானிய நிறுவனங்களுக்கென ஆயிரம் ஏக்கருக்கு மேல் இங்கு ஒதுக்கியது. நிறுவனங்கள் வந்தன, அதை மறுப்பதற்கில்லை. அருகிலுள்ள கிலோட்டில் இரண்டாவது வளாகமும் உருவாக்கப்பட்டது.

ஆனால் அந்த அனுகூலத்தை உருவாக்கியது யார்? நெடுஞ்சாலை பொதுச் சொத்து. நிலம் கிராம மக்கள் உழுத நிலம். தாத்ரியிலிருந்து மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை சுமார் 1,500 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட மேற்கு சரக்கு ரயில் பாதைக்கு ஜப்பான் தந்தது கடனே; அசலையும் வட்டியையும் இந்நாட்டு மக்களே அடைக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்த பிறகே நீம்ரானா ‘நல்ல இடம்’ ஆயிற்று. நல்ல சரக்கு வைத்திருக்கும் சந்தை வியாபாரி விலையைக் குறைப்பதில்லை. அரசுகளோ இடத்தின் அருமையைப் பேசிய கையோடு வரிச்சலுகையையும் மின்கட்டணச் சலுகையையும் நீட்டுகின்றன.

காரணம் வெளிப்படை. ஜப்பானிய நிறுவனங்களின் முன்னால் நீம்ரானா மட்டும் இல்லை. அரியானாவின் ஜஜ்ஜர், குஜராத்தின் மண்டல், ஆந்திராவின் ஸ்ரீசிட்டி என இத்தகைய வளாகங்கள் வரிசையில் நிற்கின்றன. மாநிலங்கள் ஒன்றையொன்று கீழறுத்து ஏலம் கேட்க, ஒன்றிய அரசு அதையே ‘போட்டிக் கூட்டாட்சி’ என்று மெச்சுகிறது. சலுகைகளின் பலன் என்ன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் குறித்து 2014இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, 2006-07 முதல் 2012-13 வரை அவை பெற்ற வரிச்சலுகை 83,104 கோடி ரூபாய் என்றது. அறிவிக்கப்பட்ட 45,635 ஹெக்டேரில் 28,488 ஹெக்டேரில்தான் செயல்பாடு தொடங்கியிருந்தது.

ஏலத்தில் அடுத்து வைக்கப்படுவது தொழிலாளர் உரிமை. 2014இல் ராஜஸ்தானின் பாஜக அரசு, 300 பேர் வரை வேலை செய்யும் ஆலைகள் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யவும் மூடவும் வழிவிட்டது. அதற்கு முன் வரம்பு 100. தொழிற்சங்கப் பதிவுக்குத் தேவையான உறுப்பினர் பங்கை 15 விழுக்காட்டிலிருந்து 30 ஆக உயர்த்தியது. அந்த 300தான் 2020இல் ஒன்றிய அரசின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் ஏறி அமர்ந்தது. 2019 ஜனவரி 8, அகில இந்திய வேலைநிறுத்தத்தின் முதல் நாள். நீம்ரானாவில் டைகின் ஆலை வாயிலில் தங்கள் சங்கக் கொடியை ஏற்றச் சென்ற தொழிலாளர்கள் மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும் ஏவப்பட்டன. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதா, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதையும் இங்கே நினைவுகூரலாம். முதலீட்டின் பெயரால் வந்ததைத் தொழிலாளர் ஒற்றுமை தடுத்து நிறுத்தியது.

விளம்பர ஏடுகளில் தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. மீள்நிரப்பு அளவைத் தாண்டி நிலத்தடி நீர் உறிஞ்சப்படும் வட்டாரங்களில் நீம்ரானாவும் ஒன்று.

வெளிநாட்டு ஆலை வரக்கூடாது என்பதல்ல இடதுசாரிகளின் நிலைப்பாடு. வரும் நிறுவனத்துடன் செய்யும் ஒப்பந்தத்தைச் சட்டமன்றத்தில் வையுங்கள். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு நிரந்தர வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம், எடுக்கும் தண்ணீருக்குக் கணக்கு ஆகியவற்றை ஒதுக்கீட்டு ஆணையிலேயே நிபந்தனையாக எழுதுங்கள். எந்த மாநிலமும் அதற்குக் கீழே இறங்க முடியாதபடி ஒன்றிய அரசு சட்டம் இயற்றட்டும். நெடுஞ்சாலையையும் துறைமுகத்தையும் எந்த நிறுவனமும் தன் நாட்டிலிருந்து பெயர்த்துக்கொண்டு வருவதில்லை. பேரம் பேசும் வலு நம் பக்கம்தான் இருக்கிறது.