ஆங்கிலச் சொற்கள்: மனப்பாடமா, பயிற்சியா?

போட்டித் தேர்வுக்கு விண்ணப்பித்த கையோடு, ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் அடங்கிய தடித்த கைடு ஒன்றை வாங்கி வருகிறீர்கள். முதல் நாள் ஐம்பது சொற்கள். மறுநாள் இன்னும் ஐம்பது. பத்தாம் நாள் முதல் பக்கத்தைத் திருப்பினால் அங்குள்ள சொற்கள் முன்பின் பார்த்திராதவை போல் தோன்றுகின்றன. உடனே, "எனக்கு ஆங்கிலம் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். தமிழ் வழியில் படித்த மாணவராயின் இந்த முடிவு இன்னும் விரைவாக வந்துவிடுகிறது.

மாணவ நண்பர்களே, குறை உங்கள் மூளையில் இல்லை. படிக்கும் முறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. சோதனை செய்து பார்த்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியல் அறிஞர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். சில காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்பார். இரண்டாம் முறை கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே நினைவுக்கு அவர் வைத்த அளவுகோல். 1885-ல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரு மணி நேரத்துக்குப் பின் மிச்சமானது ஏறக்குறைய 44 சதவிகிதம். ஒரு நாளுக்குப் பின் 34. ஒரு மாதத்துக்குப் பின் 21. சூடான பாத்திரம் ஆறுவதைப் போல, நினைவு முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் குறைகிறது. ஆகவே பத்து நாளில் சொற்கள் மறந்துபோவது உங்களுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று.

எபிங்ஹாஸ் மற்றொன்றையும் கண்டார். ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பச் சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பிரித்து 38 முறை சொல்லியே பெற முடிந்தது. உழைப்பு ஏறக்குறைய பாதி. பயன் அதே அளவு!

இனி 2006-ம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் உரைநடைப் பகுதிகளைப் படிக்கக் கொடுத்தனர். சில பகுதிகளை மாணவர்கள் இருமுறை படித்தனர். மற்றவற்றை ஒருமுறை படித்து மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்த பகுதியே முந்தியது: 81 சதவிகிதம், எழுதிப் பார்த்தது 75. ஆனால் ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. இருமுறை படித்தது 42. எழுதிப் பார்த்தது 56!

கைடு புத்தகம் நம்மை ஏமாற்றும் இடம் இதுதான். திரும்பத் திரும்பப் படிக்கும்போது சொல் பழகிய முகமாகத் தெரிகிறது. பழகிய முகம் வேறு, கூப்பிட்டவுடன் பெயர் நினைவுக்கு வருவது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை.

அப்படியானால் என்ன செய்யலாம்? பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சிறு சீட்டுகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் சொல். மறு பக்கம் அதன் பொருளும், அச்சொல்லை வைத்து நீங்களே அமைத்த ஒரு வாக்கியமும். மூன்று சாக்பீஸ் டப்பாக்கள் போதும். முதல் டப்பாவில் உள்ளதைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுத்து, மறுபக்கம் பார்க்காமல் பொருள் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறினால் முதல் டப்பாவுக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் விளக்கிய முறையை ஒட்டியது இது. நாளைக்குப் பத்துச் சொற்கள் போதும். நூறு நாட்களில் ஆயிரம் ஆகிவிடும்.

அறிவியல் மாணவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 'ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லை ஒளியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதிலுள்ள 'ஸ்பெக்ட்' பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. இன்ஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் முதலியவை அதே குடும்பம். 'வேக்குவம்' தெரிந்தவருக்கு வேகன்ட் அந்நியமன்று; காலி என்ற பொருள் இரண்டிலும் இருக்கிறது. உங்கள் இயற்பியல் புத்தகமே ஒரு சொற்களஞ்சியம்.

இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் சிந்திப்பதால்தான் ஆங்கிலம் தவறுகிறது என்பார்கள். இது பாதி உண்மை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதை அப்படியே கொண்டுபோய் 'டிஸ்கஸ்ட் அபௌட் இட்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே 'அபௌட்' வராது. ஆனால் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதுபவர் தமிழை நினைத்திருந்தால் தப்பித்திருப்பார். 'என் நண்பர்களில் ஒருவர்' என்று பன்மையில்தானே சொல்கிறோம்? 'ஷி மேரீட் வித் ஹிம்' என்பதும் அப்படியே. 'அவரை மணந்தாள்' என்ற தமிழ் அமைப்பில் 'வித்'துக்கு இடமில்லை. எங்கே இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆய்வுக்கூடத்தில் பிழைகளைக் குறித்து வைப்பது போலத்தான் இதுவும்.

"நீட் தேர்வை 2017 முதலும், ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை 2021 முதலும் தமிழிலேயே எழுதலாமே! ஆங்கிலம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த வசதியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் எல்லாக் கதவுகளும் அப்படித் திறப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும், 2021 முதல் மாணவியரும் எழுதும் தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண்கள். அதில் 200 ஆங்கிலத்துக்கு உரியவை. தவறான விடைக்கு, அந்த வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். கணக்கிலும் அறிவியலிலும் சிறந்த ஒருவர் இந்த 200-ஐ முன்கூட்டியே கைவிட்டால் இழப்பு அவருக்கு மட்டுமன்று.

ஆங்கிலம் அறிவின் அளவுகோல் அன்று. வெர்னியர் அளவியைப் போல அது ஒரு கருவி. வெர்னியரை முதல் நாளே பிழையின்றிப் படித்தவர் யார்? நான்கைந்து முறை அளந்து பார்த்தபின் கை பழகிவிடுகிறது. இன்று மாலை பத்துச் சீட்டுகளை எழுதுங்கள். நாளை காலை பொருளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். பத்தில் நான்குதான் தேறினாலும் கவலை வேண்டாம். மற்ற ஆறையும் முதல் டப்பாவில் போடுங்கள்.