சேமவச்சு இல்லாத உப்பு வண்டி

உப்பு வணிகம் செய்த உமணர், மேடும் பள்ளமும் நிறைந்த நெடுவழியில் அச்சு முரிந்தால் என் செய்வது என்று முன்னரே எண்ணி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சினையும் கட்டிச் சென்றனர். அதனைச் சேமவச்சு என்று புறநானூறு கூறும். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் உப்பு வண்டிக்கு இருந்த அக்காப்பு, இற்றை உப்பளக் குடும்பத்திற்கு இல்லை. எரிநெய் விலை ஏறுந்தோறும் அதன் அச்சு முரிகின்றது. மாற்றச்சோ யாண்டும் இல்லை.

சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம், மரக்காணத்தை ஒட்டிய நெய்தல் நிலமே என்பர் அறிஞர். அந்நிலத்தில் இன்றும் உப்பு விளைகின்றது. கதிரவன் கூலி கேட்பதில்லை. கடல் விலை கேட்பதில்லை. எனினும் எரிநெய் மூன்று வாயில்களின் வழியே உப்பளத்தார் வாழ்வினுட் புகுந்து, அவர்தம் ஊதியத்தை அரிக்கின்றது.

முதல் வாயில், உவர்நீர் இறைக்கும் பொறி. முன்னாளில் ஏற்றம் இறைத்த நீரை இன்று தீசற்பொறி இறைக்கின்றது. இரண்டாம் வாயில், சரக்குந்து. உப்பு, எடை மிகுந்ததும் விலை குறைந்ததுமான பண்டம். பொன் மூட்டையாயினும் உப்பு மூட்டையாயினும் ஒரே எடைக்குச் செலவாகும் எரிநெய் ஒன்றே. பொன்னின் விலையில் அச்செலவு கண்ணுக்கே புலப்படாது. உப்பின் விலையிலோ அதுவே பெரும்பங்கு. வணிகர் அவ்வேற்றத்தைத் தம் தலையிற் சுமப்பாரா? பாத்தியோரத்து விலையிற் கழித்துக்கொள்வர். ஆகவே, தில்லியில் ஏறும் விலை, மரக்காணத்தில் உப்பு வாரும் கையின் கூலியாகக் குறைகின்றது.

மூன்றாம் வாயில், அடுக்களை. 2020 நவம்பரில் சென்னையில் 610 உருபாவாக இருந்த வீட்டு எரிவளி உருளை, 2023 மார்ச்சில் 1,118 உருபா 50 காசு ஆயிற்று. பின்னர்க் குறைக்கப்பட்டதாயினும், அவ்விடைக்காலத்திற் பட்ட கடனை யார் குறைத்தனர்? நியாயவிலைக் கடை மண்ணெண்ணெயின் விலையோ 2016 முதற் சிறிது சிறிதாக ஏற்றப்பெற்று, நடுவணரசின் உதவித்தொகை 2020-இல் முற்றும் ஒழிந்தது. மழைக்காலத்தில் அளங்கள் நீரில் மூழ்கும்; வேலை இராது. அதனைக் கருதித் தமிழ்நாட்டரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 உருபா வழங்கத் தொடங்கியது நன்று. ஆயின் அத்தொகையை மூன்று திங்கட்குப் பகுத்தால் திங்களொன்றுக்கு 1,666 உருபா. 2023 மார்ச்சு விலையில் ஓர் உருளை வாங்கியபின் எஞ்சுவது 550 உருபாவிற்கும் குறைவு. அதனைக் கொண்டு அரிசி வாங்குவதா, பிள்ளைக்கு ஏடு வாங்குவதா? உருளையை மூலையில் நிறுத்திவிட்டுச் சீமைக் கருவேல முள்ளை வெட்டி அடுப்பெரிப்பதே ஏழைத் தாய்க்கு எஞ்சும் வழி.

இவ்விலையேற்றம் உலகளாவியது என்பர். அது முழுப்பொய்யன்று. 1973-இல் மூண்ட மேலையாசியப் போரின்பின் பீப்பாய் ஒன்று 3 தாலரிலிருந்து ஏறத்தாழ 12 தாலராக ஏறிற்று. 2022-இல் உக்ரைன் போர் மீண்டும் ஏற்றிற்று. இவை தில்லியார் செய்தன அல்ல. ஆயின், 2020-இல் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோது என் செய்தனர்? அவ்வாண்டு மே திங்களில் பெட்ரோலாகிய கன்னெய்க்கு இலிட்டருக்கு 10 உருபாவும், தீசலுக்கு 13 உருபாவும் தீர்வையை ஏற்றினர். ஏறுங்கால் உலகத்தைக் காட்டுவதும், இறங்குங்கால் வரியைக் கூட்டுவதும் எவ்வகை நேர்மை? 2017 சூன் முதல் விலை நாள்தோறும் மாறும் என்றனர். அவ்வாறு மாறவேண்டிய விலை 2021 நவம்பர் முதல் 2022 மார்ச்சு வரை நான்கு திங்களுக்கு மேல் அசையவில்லை. ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடிந்தபின்னரே அசைந்தது. சந்தைக்கும் வாக்குப்பெட்டி தெரியும் போலும்!

வரியின் பங்கீட்டையும் காண்க. 2021 பிப்பிரவரியில் கன்னெய் இலிட்டருக்கு நடுவணரசு கொண்டது 32 உருபா 90 காசு. அதில் மாநிலங்களொடு பகிர்தற்குரிய அடிப்படைத் தீர்வை 1 உருபா 40 காசு மட்டுமே. எஞ்சியவை மேல்வரி, கூடுதல் தீர்வை என்னும் பெயரால் பகிர்விற்கு வெளியே நிறுத்தப்பெற்றன. வெள்ளையர் உப்பின்மேல் இட்ட வரியை எதிர்த்து 1930-இல் மறைக்காட்டுக் கடற்கரையில் தமிழர் அடிபட்டனர், சிறைப்பட்டனர். 1947-இல் உப்பு வரி நீங்கிற்று. இன்றோ உப்புநீரை இறைக்கும் நெய்யின்மேல் வரி ஏறி அமர்ந்துள்ளது. தமிழ்நாட்டரசும் இதிற் குறையற்றதன்று. 2021 ஆகத்துத் திங்களில் கன்னெய்க்கு 3 உருபா வரி குறைத்த அது, தீசலுக்குக் குறைக்கவில்லை. உப்பளத்துப் பொறியும் சரக்குந்தும் ஓடுவதோ தீசலால்!

கடல் கடந்த தமிழர் நிலை என்ன? இலங்கையில் 2022 தொடக்கத்தில் இலிட்டர் 177 உருபாவாக இருந்த கன்னெய், சூன் இறுதியில் 470 ஆயிற்று. ஆகத்தில் மண்ணெண்ணெய் 87-இலிருந்து 340 ஆயிற்று. யாழ்ப்பாணத்தும் மன்னாரிலும் மீனவர் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகளைக் கரையேற்றினர். போரிலும் ஊரைவிட்டு நீங்காத சிலர், அவ்வாண்டு மார்ச்சு முதற் பசிக்கு அஞ்சிக் கடல் கடந்து இராமேசுவரக் கரை சேர்ந்து மண்டபம் முகாமில் தங்கினர். பிரித்தானியாவில் 2022 ஏப்பிரலில் வீட்டு எரியாற்றல் கட்டண வரம்பு 54 விழுக்காடு உயர்ந்தது. குளிருக்கு வீட்டைச் சூடேற்றுவதா, ஊரிலுள்ள பெற்றோர்க்குப் பணம் விடுப்பதா என்று அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் எண்ணவேண்டியதாயிற்று. மலேசியத் தீவக்குறையில் 2024 சூன் 10 அன்று தீசல் விலை ஒரே நாளில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாயிற்று. நிலம் வேறு, நாணயம் வேறு, அடுப்பின் துயர் ஒன்றே.

இன்னுமொரு கொடுமை உண்டு. எரிநெய் வாங்கவே திணறும் இக்கரையின்கீழ் எரிநெய் தோண்ட, 2018-இல் மரக்காணம் தொடங்கிய கடற்பரப்பு வேதாந்தா நிறுவனத்திற்கு ஒதுக்கப்பெற்றது. மீனும் உப்பும் பாழாகும் என்று அஞ்சிய மக்கள், 2019 சூன் 23 அன்று மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை கைகோத்து நின்றனர். விலையில் உரிமையில்லை, வரியிற் பங்கில்லை, நிலத்தின்மேற் சொல்லில்லை என்றால் மக்களுக்கு எஞ்சுவது யாது?

செய்யத்தக்கவை உள. எரிநெய்மேலுள்ள மேல்வரிகளைப் பகிர்தற்குரிய தீர்வையாக்குக. மீனவர்க்கு விற்பனை வரி நீக்கிய தீசலை வழங்கிவரும் தமிழ்நாட்டரசு, சிறு உப்பளத்தார்க்கும் அதனை நீட்டுக. குசராத்துக் கச்சுப் பாலையின் உப்பு உழவர் கதிரொளிப் பொறியால் நீர் இறைக்கின்றனர். உப்பை விளைவிக்கும் கதிரவனே மரக்காணத்திலும் நீரை இறைக்கட்டும். முன்னாளில் உப்பையும் விறகையும் படகிற் சுமந்து சென்னை சேர்த்த பக்கிங்காம் கால்வாய், 2008-இல் நாட்டு நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பெற்றது. அறிவிப்போடு நில்லாது, அதனைத் தூர்வாரிப் படகு விடுக.

இவை இரவற்பொருள் அல்ல, உழைப்பார்க்கு உரியவை. உமணர் தம் அச்சினைத் தாமே செதுக்கித் தம் வண்டியிற் கட்டினர். பிறர் தருவர் என்று வழியில் நிற்கவில்லை. உப்பளத்தார் கூட்டாக எழுந்து, தமிழ் மக்களும் உடன் நின்று கேட்பாராயின், முரிந்த அச்சிற்கு மாற்றச்சு வாய்க்கும். வண்டி நகரும்.