வானத்தைக் குறை சொல்லாதீர்கள்!

சென்னையில் வசதி இருக்கிறது, இருட்டு இல்லை! உத்திரமேரூர் பக்கம் உள்ள சாலவாக்கத்தில் அமாவாசை இரவில் வயல்வெளியில் நின்று பாருங்கள். பட்டணத்தில் தெரியாத நட்சத்திரங்கள் எல்லாம் தெரியும்.

இந்த இருட்டு ஒரு சொத்து. இதைத் தேடித்தான் வானியல் அறிஞர் வைணு பாப்பு ஜவ்வாது மலைக்குப் போனார். அங்கே காவலூரில் 1968-ல் வேலை தொடங்கியது. முதலில் வைத்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அதை நம் ஆட்களே செய்தார்கள்! 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதைப் பார்க்க பாப்பு இல்லை. 1982-லேயே இறந்துவிட்டார். இன்று அந்த ஆய்வுக்கூடம் அவர் பெயரில் இருக்கிறது.

பீரோவில் தூங்குகிறது!

இப்போது பள்ளிகளும் சில வீடுகளும் சிறிய தொலைநோக்கி வாங்குகின்றன. முதல் நாள் தெருவே கூடுகிறது. வியாழன் கிரகம் கலங்கிய பொட்டாகத் தெரிகிறது. "இவ்வளவுதானா?" என்கிறான் பையன். மறுநாள் தொலைநோக்கி பீரோவுக்குள் போகிறது. பையனின் ஆசையும் அதோடு போகிறது!

சக்கரம் கோணினால் மாட்டை அடிப்பதா? பெரும்பாலும் கோளாறு, கண்ணாடிகள் நேராக இல்லாததுதான்.

குழாயின் அடியில் குழிந்த கண்ணாடி இருக்கிறது. அது ஒளியைத் திரட்டுகிறது. மேலே சாய்வாக உள்ள சிறிய கண்ணாடி, அந்த ஒளியைப் பக்கத்தில் உள்ள லென்சுக்குத் திருப்புகிறது. 1668-ல் நியூட்டன் கண்ட வழி இது. வண்டியில் வரும்போது குலுங்கினால் போதும், கண்ணாடிகள் விலகிவிடும்.

திருத்துவது எப்படி?

பகலில், சூரியன் பக்கம் திருப்பாமல், லென்சை எடுத்துவிடுங்கள். நடுவில் ஊசித்துளை போட்ட மூடியை அங்கே வைத்துப் பாருங்கள். சிறிய கண்ணாடிக்குள் பெரிய கண்ணாடி முழு வட்டமாகத் தெரிகிறதா? இல்லை என்றால் முதலில் சிறியதை நேராக்குங்கள். பிறகு அடியில் உள்ள திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பெரியதை நேராக்குங்கள்.

இரவில், பார்ப்பதற்கு அரை மணி முன்பே வெளியே வையுங்கள். கண்ணாடி குளிர வேண்டும். துருவ நட்சத்திரம் நமக்குத் தாழ்வாக, ஏறக்குறைய 12½ டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அங்கே காற்றின் கலக்கம் அதிகம். ஆகையால் உயரத்தில் உள்ள நட்சத்திரத்தை நடுவில் வைத்து, கொஞ்சம் மங்கலாக்குங்கள். வட்டமும் அதற்குள் கருப்புப் பொட்டும் தெரியும். பொட்டு நடுவில் இருந்தால் வெற்றி! ஒதுங்கி இருந்தால் மறுபடி திருகாணிதான்.

எச்சரிக்கை: கண்ணாடித் தூசியை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். பூச்சு கீறிவிடும். தொலைநோக்கியில் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்!

பிள்ளைகள் கையில் கொடுங்கள்!

"பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்" என்று ஆசிரியர்கள் பயப்படலாம். திருகாணியைத் தவறாகத் திருப்பினால் திரும்பவும் சரி செய்யலாம். ஆசிரியர் பக்கத்தில் நின்றால் போதும். பீரோவுக்குள் போன ஆசையைச் சரி செய்யத் திருகாணி இல்லை!

தானே திருத்திய தொலைநோக்கியில், 1610-ல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலாக்களை ஒரு சிறுமி காணட்டும். அன்று அவளுக்கு நிலா மட்டுமா கிடைக்கும்? "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையும் கிடைக்கும்!

பீரோவைத் திறங்கள். வானம் காத்திருக்கிறது!