விலாசம் தவறிய பிரசாரம்

1988 சுதந்திர தினத்தன்று தூர்தர்ஷனில் 'மிலே சுர் மேரா தும்ஹாரா' முதன்முதலில் ஒலித்தது. 14 மொழிகளில் ஒற்றுமைப் பிரசாரம். பாலமுரளிகிருஷ்ணா தமிழில் பாடும் இடம் வந்ததும், 'மதராஸி' என்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன தில்லித் தமிழர் காதில் தேன் பாய்ந்தது. அதே பாட்டில் வடகிழக்கிலிருந்து இடம்பெற்றது அசாமி ஒன்றுதான் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? மணிப்புரி இல்லை, மிஸோ இல்லை, காசி இல்லை.

அந்த மக்களிடம் தலைநகரம் பேசிய விதத்தைப் பாருங்கள். 2007-இல் தில்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கென ஒரு பாதுகாப்புக் கையேடு வெளியிட்டது. உடுப்பில் கவனம் வேண்டும். மூங்கில் குருத்து, நாகர்களின் அக்குனி (புளிக்கவைத்த சோயா) போன்ற வாடையுள்ள பண்டங்களை அக்கம்பக்கத்தில் சச்சரவு வராதபடி சமைக்க வேண்டும் என்றது அது. நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். ஆனால் புத்திமதி சொல்ல வேண்டியது வாடை பொறுக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கல்லவா?

2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியத்தின் தலைமுடியைச் சிலர் கேலி செய்தார்கள். அது அடிதடியாகி, மறுநாள் அவர் உயிர் போயிற்று. பின்னர் பெஸ்பருவா குழு அமைந்தது, அறிக்கையும் தந்தது. அப்படியும் 2020-இல் இந்த முகங்களைப் பார்த்துத் தெருவில் 'கொரோனா' என்று கூவினார்கள்.

இந்தியிலும் ஆங்கிலத்திலும் வாசகம் எழுதி ஒட்டினால், அது பஞ்சாபிக்காரருக்குச் சொன்னது என்று நாம் நடையைக் கட்டிவிடுவோம். நம் வீட்டுக் கூடத்தில் 'சப்பை மூக்கு' என்று சிரிப்பது தமிழில்தானே? அதைக் கண்டிக்கும் குரலும் தமிழிலேயே வர வேண்டும். வங்காளிக்கு வங்காளியில், மலையாளிக்கு மலையாளத்தில். ஒரே வாசகத்தை மொழிபெயர்த்தாலும் போதாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சாக்கு வேறு. நம் சாக்கு பெரும்பாலும் சமையல் வாடைதான். கருவாடு வறுத்ததற்காக வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கியவர்கள் நம்மிலேயே உண்டு. இன்று முனீர்க்காவில் சொந்த வீடு வாங்கிய பிறகு, மணிப்புரிப் பெண் வாடகைக்குக் கேட்டு வந்தால் "காலியில்லை அம்மா" என்கிறோம்.

தொடக்கம் வேறெங்கும் வேண்டாம், சங்க இதழ்களின் விளம்பரப் பக்கத்திலேயே இருக்கட்டும். 'வீடு வாடகைக்கு, நம்மவர்களுக்கு மட்டும்' என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அந்தக் கடைசி இரண்டு சொற்களை அடித்துவிட்டு அச்சிட ஆசிரியர் குழுவினர் முன்வருவார்களா?